பழைய மடிக்கணினிக்கு ஏற்ற இயங்குதளம்



பிள்ளைகளின் படிப்புக்கென நாம் வாங்கிய மடிக்கணினி இன்று அடுப்பெனக் கொதிக்கின்றது; விசிறியும் ஓயாது இரைகின்றது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 14.10.2025-இல் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய கருவிகள் பலவற்றை ஏற்பதில்லை. அதற்காகக் கடன்பட்டுப் புதியது வாங்க வேண்டுவதில்லை.

முதற்கண் விசிறியில் படிந்த தூசியை அகற்றச் செய்வோம். தூசி அடைத்திருக்கும்வரை எந்த இயங்குதளமும் சூட்டைத் தணிக்காது.

பின்னர், லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நாடலாம். அது இலவசம். 2 ஜிபி நினைவகத்திலும் இயங்கும். 4 ஜிபி இருப்பின் நலம். திரைமறைவில் ஓடும் வேலைகள் குறைவாதலால் கணினிக்குச் சுமை குறைகின்றது. அதனினும் எளியது ஆன்ட்டிஎக்ஸ். அழகு சற்றுக் குறைவுதான்.

நிறுவுமுன் பென்டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபை, ஒலி, கேமரா ஆகியவற்றைச் சோதிக்கலாம். அப்போது சற்று மெதுவாக ஓடுவது இயல்பே. நிறுவும்போதோ உள்ளிருப்பவை அழிய நேரிடும். குடும்பப் படங்களையும் பாடக் கோப்புகளையும் முன்னரே வேறிடத்தில் படியெடுத்து வைப்போம்.

இதில் மைக்ரோசாப்ட் வேர்டை நேரடியாக நிறுவ இயலாது. லிப்ரே ஆபிஸ் அக்கோப்புகளைத் திறக்குமெனினும், பக்க அமைப்பு சிலவேளை மாறும். ஆசிரியர் தந்த கோப்பொன்றைப் பிள்ளையைக் கொண்டே திறந்து பார்த்தபின் முடிவு செய்வோமாக.