எந்தச் செயலியில் இருந்தாலும் சேதி சேரணும்

நான் பத்தாவது வரை படிச்சவ. எங்கள் குழுவுக்கு ஊக்குநராக இருக்கேன். மைக் முன்னால் நின்னு பழக்கமில்லை, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

போன வருஷம் எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்றேன். வங்கிக் கடனுக்கு 12 பேரும் ஆதார் அட்டையோடு புதன்கிழமை காலை 10 மணிக்கு வந்து கையெழுத்துப் போடணும்னு சொல்லிட்டாங்க. நான் உடனே போனில் குழுவுக்குச் சேதி போட்டேன். கடமை முடிஞ்சதுன்னு அடுப்பைப் பார்க்கப் போயிட்டேன்.

புதன்கிழமை 11 பேர்தான் வந்தோம். ஒரு அக்கா வரலை, நூறு நாள் வேலைக்குப் போயிட்டாங்க. அவங்க மகன் துபாயில் இருக்கான். அங்கே சில செயலிகளில் பேச முடியாது. அதனால் அங்கே அனுமதியுள்ள வேறொரு செயலியை ஏற்றிக் கொடுத்திருந்தான். போனில் இடம் இல்லைன்னு நாங்க இருக்கிற செயலியை எடுத்துட்டான். நான் போட்ட சேதி அவங்களுக்குப் போகவே இல்லை.

கடன் மூணு வாரம் தள்ளிப் போச்சு. கறவை மாட்டுக்கு அந்த அக்கா 2,000 ரூபாய் அச்சாரம் கொடுத்திருந்தாங்க. மாடு வேறு ஆளுக்குப் போயிடுச்சு. "ஒன்பது வருஷமா ஒரு மாசம்கூட சந்தா தவறினதில்லை, என்னைய மட்டும் ஒதுக்கிட்டீங்களே"ன்னு அழுதாங்க. எனக்குப் பதில் சொல்ல வாய் வரலை.

அன்னைக்கு ராத்திரி கல்லூரியில் படிக்கும் என் தங்கச்சி மகளிடம் கேட்டேன். "எந்தக் கம்பெனி சிம்மில் இருந்தும் எந்த சிம்முக்கும் பேசுறோமே, இதில் மட்டும் ஏன் முடியலை?" அவள் சொன்னது, ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி வேலி போட்டு வச்சிருக்கு, எல்லோரும் பொது விதி ஒன்றை ஏத்துக்கிட்டா சேதி தாண்டிப் போகும்னு.

அந்தப் பொது விதி புதுசும் இல்லையாம். 1999-இல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கி, 2004-இல் எக்ஸ்.எம்.பி.பி. என்ற உலகப் பொது விதியாகவே ஆயிடுச்சாம். ஐரோப்பாவில் சட்டமே போட்டுட்டாங்க. 2024 மார்ச் 7 முதல், மற்ற செயலிகள் கேட்டால் வாட்ஸ்அப் வழிவிட்டே ஆகணும். 2025 நவம்பரில் பேர்டிசாட், ஹைகெட் என்ற இரண்டு சின்னச் செயலிகளோடு அங்கே இணைப்பு கொடுக்கப் போறதா அறிவிச்சாங்க. வேண்டும் என்பவர் மட்டும் சேர்ந்துக்கலாம், கட்டாயம் இல்லை. நம்ம தமிழ்நாட்டு ஜோஹோ கம்பெனியின் அரட்டை செயலியையும் இப்படித் திறந்து வைக்கணும்னு அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொல்லியிருக்கார்.

நமக்கு இது புரியாத சங்கதியும் இல்லை. 2016-இல் யு.பி.ஐ. வந்தது. சந்தையில் பூக்காரம்மா ஒரு செயலி வச்சிருக்காங்க, நான் வேற ஒண்ணு வச்சிருக்கேன். பணம் போகுதே! பணம் போற வழியில் பேச்சும் போகலாம்தானே?

இதில் கவனமும் வேணும். அனுப்புறவரும் வாங்குறவரும் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு நம்ம சேதிக்கு உண்டு. இரண்டு கம்பெனி சேரும்போது அந்தப் பூட்டு தளரக் கூடாது. ஐரோப்பிய சட்டமும் அதைத்தான் சொல்லுது. முகம் தெரியாதவன் புது வழியா நுழைஞ்சு ஓ.டி.பி. கேட்டா, கொடுக்கக் கூடாது.

அந்த வசதி நம்ம ஊருக்கு வர்றப்ப வரட்டும். அதுவரை எங்கள் குழு தீர்மானப் புத்தகத்தில் மூணு விஷயம் எழுதி வச்சிருக்கோம். ஒண்ணு, கையெழுத்து, கடன், கூட்டம் பத்தின சேதியை போன் போட்டு வாயாலும் சொல்லணும். இரண்டு, கேட்டவங்க "கேட்டேன்"னு பதில் சொல்லணும், சொல்லாதவங்க வீட்டுக்கு ஒருத்தர் நேரில் போகணும். மூணு, யார் எந்தச் செயலியில் இருக்காங்கன்னு ஒரு பட்டியல் இருக்கணும்.

அந்த அக்கா இப்போ வேற மாடு வாங்கிட்டாங்க. காலையில் எங்க வீட்டுக்கும் அவங்க பால்தான். ஆனாலும் அன்னைக்கு அவங்க கேட்டது இன்னும் என் காதில் இருக்கு. சேதி போட்டாச்சான்னு மட்டும் பார்க்காதீங்க, போய்ச் சேர்ந்ததான்னு பாருங்க.