மூன்று விரல் வீரர்

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவருக்கு விரல்களே மூலதனம். மார்டெகாய் பிரவுனுக்கோ அம்மூலதனம் இளமையிலேயே பறிபோயிற்று. 1876-இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்த அவர், தீவனம் வெட்டும் இயந்திரத்தில் சிக்கி வலக்கை ஆள்காட்டி விரலின் பெரும்பகுதியை இழந்தார். காயம் ஆறுமுன் கீழே விழுந்ததில் நடுவிரலும் கோணிற்று. பின்னர் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துக்கொண்டே ஆட்டம் பயின்றார்.

அக்கையிலிருந்து சுழன்று புறப்பட்ட பந்து, மட்டையை நெருங்குகையில் திடீரெனத் தாழ்ந்து வளைந்தது. குறையற்ற கைகளுக்கும் எளிதில் வாய்க்காத வித்தை அது! சிகாகோ கப்ஸ் அணி 1907, 1908 ஆகிய ஈராண்டுகளிலும் 'உலகத் தொடரில்' வாகை சூட அக்கை பெருந்துணை புரிந்தது. அவர் ஈட்டிய வெற்றிகள் 239. 1948-இல் மறைந்தார், மறு ஆண்டே பேஸ்பால் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார்.

இழந்த விரலை எவரும் மீட்டுத் தரவில்லை; எஞ்சிய விரல்களைக் கொண்டே அவர் வென்றார்.