சம்ப் கசிந்தால் என்ன செய்வது?
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



கடன், சேமிப்பு எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ நம்ம வீட்டுத் தரைக்குள்ளே இருக்கிற சம்ப் தொட்டி பற்றிக் கொஞ்சம் பேசுவோம். இது கொத்தனார் வேலை, நமக்கென்ன என்றுதான் நாங்களும் இருந்தோம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா வந்து, பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்களே, அதுக்கப்புறம் அப்படி இருக்க முடியவில்லை.

நம்ம ஊர் அரசலாறு கடலில் சேருகிற இடம். ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். தொட்டியில் விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே போகும் என்றுதான் நினைப்போம். மழைக்காலத்தில் நடப்பதோ தலைகீழ். வெளியே நீர்மட்டம் ஏறி, தொட்டிக்குள் இறங்கினால், பக்கத்துக் கக்கூஸ் தொட்டிக் கசிவு உட்பட எல்லாம் உள்ளே வரும்.

எங்கள் குழுவில் ஒருவர் வீட்டில் குடிக்கிற தண்ணீர் கரித்தது. குழுக் கடன் வாங்கி உள்ளே பூசினார். அடுத்த மழையில் பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்தது. கடன் மட்டும் நின்றது. ஊற்று நிற்பதற்கு முன்னாலேயே பூசியதுதான் தப்பு. சுவருக்குப் பின்னாலிருந்து தள்ளுகிற தண்ணீரை வெறும் பூச்சு தாங்காது.

முதலில் சோதனை. தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, கரியால் கோடு போட்டு, ஒரு நாள் மூடி வையுங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கினால் கசிவு. மழைக்காலத்தில் பாதித் தொட்டி தானாக ஏறினால், வெளித்தண்ணீர் வருகிறது.

வேலையைச் சித்திரை, வைகாசியில் வையுங்கள், நீர்மட்டம் அப்போதான் இறங்கியிருக்கும். விரிசலை மேலோடு மெழுகக் கூடாது. உளியால் வெட்டி அகலமாக்கி, கழுவி, சீக்கிரம் இறுகும் சிமெண்டால் அடைத்து, பிறகுதான் நீர்த்தடுப்பு மருந்து கலந்த பூச்சு. சுவரும் தரையும் சேருகிற மூலையை வளைவாகப் பூசச் சொல்லுங்கள், அங்கேதான் அதிகம் கசியும். கலவைக்கு உப்புத்தண்ணீர் வேண்டவே வேண்டாம், உள்ளே கம்பி துருப்பிடிக்கும். ஏழு நாள் ஈரம் காயாமல் வைக்கணும். கொத்தனார் மூணு நாள் போதும் என்பார், விடாதீங்க.

அடைமழையில் தொட்டியைக் காலி செய்யாதீர்கள். 1000 லிட்டர் கொள்ளும் இடத்தை, சுற்றி நிற்கிற தண்ணீர் ஒரு டன் பலத்தோடு மேலே தூக்கும். தொட்டியே கிளம்பிவிடும்.

ரொம்ப நாள் மூடிக் கிடந்த தொட்டியில் உடனே இறங்காதீங்க, காற்று இருக்காது. மூடியை நன்றாகத் திறந்து வைத்து, மோட்டார் மின்சாரத்தை நிறுத்தி, மேலே ஒருவர் நிற்கத்தான் இறங்கணும். வேலை முடிந்ததும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிடியுங்கள்.