இரண்டு எண்கள் தந்த பாடம்

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆற்றிய உரை)



தோட்டத்துக் கிராணியார் செக்ரோலில் 1972 என்பதை 72 என்று சுருக்கி எழுதியதை நம்மில் மூத்தோர் அறிவர். அதனால் இடர் ஏதும் நேர்ந்ததில்லை. படிப்பவர் மனிதராதலின் எந்த நூற்றாண்டு என்பதை அவரே உணர்ந்து கொள்வார்.

கணினிக்கு அவ்வுணர்வு இல்லை. முற்காலக் கணினிகளில் நினைவகம் மிகுந்த விலையுடையது. ஆகவே இடத்தைச் சிக்கனப்படுத்த ஆண்டை இரண்டே எண்களில் பதிந்தனர். 2000 பிறந்ததும் கணினி 00 எனக் காணும். அதனை 1900 என்று கொள்ளவும் கூடும். இதுவே ஈராயிரமாம் ஆண்டுக் கணினிக் கோளாறு எனப்பட்டது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். 1945-இல் பிறந்த ஒரு தொழிலாளி 2000-இல் 55 வயதை எட்டினார். ஊழியர் சேமநிதியைப் பெறும் வயது அது. திருத்தப்படாத கணினி ஒன்று அவர் வயதைக் கணித்திருந்தால், அவர் இன்னும் பிறக்கவே இல்லை என்று விடை தந்திருக்கும். பால்மரம் சீவிச் சேர்த்த பணம் இரண்டு எண்களால் தடைப்பட்டிருக்கும்.

இத்தகைய நிலை வாராதிருக்க, நம் நாட்டில் எரிசக்தி, தொடர்பு, பல்லூடக அமைச்சு முற்காப்புப் பணிகளை ஒருங்கிணைத்தது. முதலில் நாளையும் ஆண்டையும் பயன்படுத்தும் கணினிகளைப் பட்டியலிடுதல், அடுத்துத் திருத்துதல், பின்னர்க் கடிகாரத்தை முன்தள்ளிச் சோதித்தல், இறுதியாக, கணினி நின்றாலும் பணி நில்லாதிருக்க மாற்று ஏற்பாடு செய்தல். மின்சாரம், தொலைபேசி, வங்கி, மருத்துவமனை ஆகிய அனைத்துக்கும் இதுவே முறை. 1972-இல் பாயான் லெப்பாசில் தொடங்கிய தடையற்ற வாணிப வட்டாரத்தில், நம் பிள்ளைகள் பலர் வேலை செய்யும் மின்னணுத் தொழிற்சாலைகளிலும் நாள் கணக்கில் இயங்கும் பொறிகள் இருந்தன. உலக நாடுகள் ஒத்துழைக்க 1999 பிப்ரவரியில் அனைத்துலக மையம் ஒன்றும் அமைக்கப்பட்டது.

1999 டிசம்பர் 31 மாலை 7 மணிக்கே நியூசிலாந்தில் புத்தாண்டு பிறந்துவிட்டது. அங்கு விளக்குகள் அணையவில்லை. ஐந்து மணி நேரம் கழித்து நமக்கும் நள்ளிரவு வந்தது. பேரிடர் ஏதும் நேரவில்லை.

"வீண் செலவு" என்று அன்று நகைத்தோர் உண்டு. செலவு மிகை என இன்றும் வாதிடுவோர் உளர். ஆயினும், மழைக்கு முன்னர் லயத்து வடிகாலைத் தூர் வாரினோம், வெள்ளம் புகவில்லை. அதனால் தூர் வாரியது வீண் என்போமா?

தோழர்களே, நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைக் குறிப்பன. அதில் ஆண்டுக்கு இன்றும் இரண்டு எண்களே உள்ளன. அவ்வெண்கள் பிறப்புப் பத்திரத்தோடும் சேமநிதிக் கணக்கறிக்கையோடும் பொருந்துகின்றனவா என்று இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருப்பின் உரிய பத்திரங்களுடன் தேசியப் பதிவிலாகாவை அணுகுங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஓய்வு பெறும் நாளில் பிழையைக் கண்டு கலங்குவதிலும், முன்னரே கண்டு திருத்துவதே அறிவுடைமை.

அரசாங்கம் கணினியைச் சோதித்தது போல், நாமும் நம் பத்திரங்களைச் சோதிப்போமாக.