மலேரியாவும் குருதியின் நினைவும்

மலேரியாச் சுரம் கண்டவரின் குருதித்துளி ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினால், இன்று அவர் உடலில் அந்நோய்க் கிருமி உண்டா என்பது தெரியும். சென்ற ஆண்டுகளில் இருந்ததா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வல்லவை குருதிநீரிலுள்ள எதிர்ப்பொருள்கள். கிருமியை எதிர்ப்பதற்காக உடல் தானே படைத்துக்கொள்ளும் புரதங்கள் இவை. கிருமி நீங்கிய பின்னரும் நெடுநாள் தங்கக்கூடியவை.

இவற்றின் ஆற்றலை 1961-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி விளக்கிற்று. ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியாவில், மலேரியாவுக்குப் பலமுறை ஆளாகித் தேறிய பெரியவர்களின் குருதியிலிருந்து எதிர்ப்பொருள்களைப் பிரித்தெடுத்து, நோயுற்ற குழந்தைகளுக்குக் கோஹன், மெக்ரெகர், காரிங்டன் ஆகிய அறிஞர்கள் செலுத்தினர். குழந்தைகளின் குருதியில் கிருமிகளின் தொகை வெகுவாகக் குறைந்தது.

இவ்வெதிர்ப்பொருளை அளப்பது எங்ஙனம்? 1971-இல் ஸ்டாக்ஹோம் நகரில் எங்வால், பெர்ல்மன் என்னும் இருவர் வகுத்த எலைசா முறை இதற்கு உதவுகிறது. 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், மலேரியாக் கிருமியின் மேற்பரப்புப் புரதம் ஒன்றைப் படியவைக்கிறார்கள். இதுவே ஆன்டிஜென். புரதம் படியாத இடங்களைப் பால் புரதத்தால் மூடிவிட்டு, நீர்க்கச் செய்த குருதிநீரை ஊற்றுகிறார்கள். உரிய எதிர்ப்பொருள் இருப்பின் அது ஆன்டிஜெனைப் பற்றிக்கொள்ளும். பற்றாதவை கழுவும்போது நீங்கிவிடும். அடுத்து, மனித எதிர்ப்பொருளைப் பற்றவல்ல வேறோர் எதிர்ப்பொருளை, நொதியொன்றுடன் பிணைத்து இடுகிறார்கள். மீண்டும் கழுவி, நிறமற்ற கரைசல் ஒன்றைச் சேர்த்தால், நொதி அதற்கு நிறமூட்டும். அந்நிறத்தின் செறிவை ஒளிமானி எண்ணாகக் காட்டும்.

அவ்வெண் தனித்து நின்று பொருள் தராது. மலேரியாவையே அறியாதவரின் குருதிநீரையும், எதிர்ப்பொருள் மிக்கதெனத் தெரிந்த குருதிநீரையும் உடன்வைத்து ஒப்பிடவேண்டும். எண் உயர்ந்திருந்தாலும், அவரை இனி மலேரியா அணுகாது என்று உறுதி கூற இயலாது. கிருமியோடு அவர் உடல் முன்பு போராடியது என்பதே அதன் பொருள்.

ஆயினும், ஓர் ஊரார் அனைவரையும் இவ்வாறு சோதித்தால் அவ்வூரின் நோய் வரலாறே தெரியவரும். நோய் பரவும் ஊரில், வயது ஏற ஏற எதிர்ப்பொருள் உடையோர் பெருகுவர். பரவல் நின்றபின் பிறந்து வளரும் பிள்ளைகளிடம் அது காணப்படாது. அவ்வின்மை வெற்றிக்குச் சான்று. காப்பின்மைக்கும் அதுவே சான்று.

இலங்கையில் 1963-இல் 17 பேருக்கே மலேரியா கண்டது. கண்காணிப்பும் மருந்துத் தெளிப்பும் தளர்ந்தன; 1968, 1969-ஆம் ஆண்டுகளில் நோய் இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. பின்னர் அயராது உழைத்து, 2016-இல் மலேரியா அற்ற நாடு என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றை அந்நாடு பெற்றது. எதிர்ப்பொருள் இல்லாது வளரும் தலைமுறைக்குக் காவல், ஓயாத கண்காணிப்பே.