அனுசரணையாளர் போட்ட மேசை

ஈழத் தமிழரை அடைத்துவைத்திருந்த செங்கல்பட்டுச் சிறப்பு முகாமின் மதிலைத் தாண்டிப் போய்வந்த நம் பக்கத்துக்காரர்களுக்கு ஈழம் தூரத்துச் செய்தியல்ல.

2002 மார்ச் 25. வட இலங்கையின் வன்னியில் இரணைமடுக் குளத்து நீரைக் கிழித்துக்கொண்டு ஒரு சிறு விமானம் இறங்கியது. மாலத்தீவிலிருந்து வந்த கடல்விமானம். உள்ளே விடுதலைப் புலிகளின் சார்பில் பேச இருந்த லண்டன்வாசி அன்டன் பாலசிங்கமும் அவர் மனைவி அடேலும். பாலசிங்கம் சிறுநீரக நோயாளி. பேச்சு நடக்கும் காலத்தில் சென்னையில் அவர் தங்கிக்கொள்ளப் புலிகள் கேட்டுப் பார்த்தார்கள். இந்தியா இசையவில்லை. ஆகவே குளம்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், பிப்ரவரி 23 அன்று, இலங்கைப் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் கையெழுத்திட்ட போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்திருந்தது. இடையில் நின்றது நார்வே. ஈழத்துப் பத்திரிகைகள் அதை 'அனுசரணையாளர்' என்றன. தீர்ப்புச் சொல்கிறவர் அல்லர், மேசை போட்டுக் கொடுப்பவர். நல்ல சொல்தான்.

நார்வேக்கு இது பழகிய வேலை. 1993இல் சார்ப்ஸ்போர்க் ஊரில் ஒரு பழைய மாளிகையில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இருவரையும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் அகமது குரேயையும் ரகசியமாக உட்காரவைத்தது அந்த நாடு. செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் ரபினும் பாலஸ்தீனத் தலைவர் அராபத்தும் கைகுலுக்கினார்கள். எளியது இப்போது, சிக்கல் பிறகு என்பது, நார்வே தலைநகரின் பெயரால் வழங்கும் அந்த ஆஸ்லோ உடன்பாட்டின் கணக்கு. ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை எல்லாம் பிறகுக்குப் போயின. அதற்குள் குடியேற்றங்கள் பெருகின. 1995 நவம்பரில் ரபினை ஒரு யூதத் தீவிரவாதியே சுட்டுக்கொன்றான்.

இலங்கையிலும் அதே கணக்கு. 2002 செப்டம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் தொடங்கி, 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனே வரை ஆறு சுற்று. நடுவே ஆஸ்லோவில், கூட்டாட்சித் தீர்வை ஆராயலாம் என்றுகூட இரு தரப்பாரும் ஒப்பினார்கள். ஆனால் எளியது என்று முதலில் எடுத்ததே தொண்டையில் சிக்கியது. யாழ்ப்பாணத்து உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வீடுகளுக்கு மக்கள் திரும்ப வேண்டும். ராணுவம் விலகினால்தான் வீடு. புலிகள் ஆயுதத்தைக் கீழே வைத்தால்தான் விலகல் என்றது ராணுவம். பூட்டுக்குள் சாவி.

2003 ஏப்ரலில் உதவி வழங்கும் நாடுகள் வாஷிங்டனில் கூடின. அமெரிக்கா தடைசெய்த இயக்கத்துக்கு அங்கே நாற்காலி ஏது? இடத்தைத் தேர்ந்தவர்களுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். அந்த மாதமே புலிகள் பேச்சை நிறுத்திவைத்தார்கள்.

2006 அக்டோபரில் ஜெனீவாவில் மறுபடி உட்கார்ந்தார்கள். இரண்டு நாள். போர்நிறுத்தம் திறந்துவிட்ட, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை அந்த ஆகஸ்ட்டில் மூடப்பட்டிருந்தது. திறந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார்கள் புலிகள். முடியாது என்றது அரசு. அடுத்த சந்திப்புக்குத் தேதி குறிக்காமலே எழுந்து போனார்கள்.