லேசர் கண் சிகிச்சையும் கேள்வி கேட்கும் உரிமையும்

(வாலிபர் கூட்டமொன்றில் பேசிய பேச்சின் சுருக்கம்)



மூக்குக் கண்ணாடியை எடுத்தெறிந்து விடலாம், சில நிமிஷ வேலை, வலியே கிடையாது என்று ஊரெங்கும் விளம்பரம் செய்யப்படுகிற லேசர் சிகிச்சையைச் செய்துகொண்ட பிறகு, சிலருக்கு ஏற்படுகிற தொல்லைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாமென்று கருதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. ஆகையால் நான் சொல்லுவதைக் கண் வைத்தியரிடமும் கேட்டு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவதாக, இந்தச் சிகிச்சை மோசடி அல்ல. இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசன் என்பவர். 1981-ல் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சி சாலையில், பண்டிகை விருந்தில் மீந்துபோன வான்கோழித் துண்டின் மேல் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சி, பக்கத்துச் சதை கருகாமல் வேண்டிய இடத்தை மாத்திரம் செதுக்க முடியும் என்று அவரும் அவர் கூட்டாளிகளும் கண்டார்கள். பண்டிகையால் உலகத்துக்கு ஏற்பட்ட நன்மை என்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்!

சரி, லாசிக் என்கிற சிகிச்சையில் செய்வதென்ன? கண்ணின் முன்புறத்தில் சுமார் அரை மில்லிமீட்டர் கனமுள்ள, கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. கார்னியா என்பார்கள். அதன் மேல்பாகத்தை மெல்லிய மூடி போல் அறுத்துத் திருப்பி, அடிப்பாகத்தை லேசரால் செதுக்கி, மறுபடியும் மூடிவிடுகிறார்கள். அறுக்கும்போது அதிலுள்ள நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. கண் உலர்ந்துவிட்டது, கண்ணீர் சுரக்கட்டும் என்ற சேதியைக் கொண்டுபோவது அந்த நரம்புகள்தான். கம்பி அறுந்த வீட்டில் விளக்கு எரியுமா? ஆகவேதான் உறுத்தலும் எரிச்சலும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறைகிறது. சிலருக்கு வருஷக்கணக்கில் நீடிக்கிறது.

இரவிலோ கண்ணின் பாப்பா விரிகிறது. செதுக்கிய வட்டத்துக்கு வெளியேயும் அது விரிந்தால், தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரியும். எதிரே வரும் லாரி வெளிச்சம் நட்சத்திரமாய்ச் சிதறும். அபூர்வமாகச் சிலருக்கு, செதுக்கி மெலிந்த படலம் முன்னுக்குத் துருத்திக்கொண்டு பார்வையே கெட்டுப்போவதுண்டு.

இதைப்பற்றி அமெரிக்க சர்க்காரின் எஃப்.டி.ஏ. இலாகா 2009-ல் ஓர் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கிற்று. 2017-ல் வெளியான முடிவைப் பாருங்கள். 100-க்கு 95 பேருக்கு மேல் தங்கள் பார்வையைப் பற்றித் திருப்தி என்றார்கள். விளம்பரக்காரர் இதோடு நிறுத்திக்கொள்வார். ஆனால், முன்பு பார்வைத் தொல்லை எதுவுமே இல்லாதிருந்தவர்களில் 100-க்கு 46 பேர் வரை, மூன்று மாதம் கழித்துப் புதிதாக ஏதாவதொரு தொல்லை இருப்பதாகச் சொன்னார்கள். கண் உலர்ச்சி இல்லாதிருந்தவர்களில் 28 பேர் வரைக்கும் அது புதிதாய் வந்தது. அன்றாடக் காரியத்துக்கே மிகவும் கஷ்டப்பட்டவர்கள் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. அந்த ஒருவர் நீங்களாயிருந்தால் அந்தக் கணக்கு உங்களுக்கு என்ன ஆறுதல் தரும்?

இன்னொன்று அதில் கண்டார்கள். அதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வைத்தியரிடம் நேரில் தொல்லையைச் சொன்னவர்களைவிட, காகிதத்தில் எழுதிக் கேட்டபோது சொன்னவர்கள் இரண்டு மடங்குக்கும் அதிகம்! ஏன்? வைத்தியர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம். குருக்களிடம் கைகட்டி நின்ற பழக்கம் ஆஸ்பத்திரி வாசலிலும் போகவில்லை. அப்படியே சொன்னாலும், "பலகையில் கடைசி வரி வரை படிக்கிறீர்களே, ஒரு குறையுமில்லை" என்று பதில் வருகிறது. பலகை என்பது வெளிச்சத்தில் மாட்டிய கறுப்பு எழுத்து. இரவு ரோட்டில் அவன் படும் பாட்டை அது அளக்குமா? வீட்டாரோ "தலைவிதி" என்று முடித்துவிடுகிறார்கள்.

நம் நாட்டில் மற்றொரு கொடுமை, மாப்பிள்ளை வீட்டார் கண்ணாடி போட்ட பெண் வேண்டாமென்கிறார்கள் என்பதற்காகக் கலியாணத்துக்கு முன் பெண்ணை இதற்கு அழைத்துப் போவது. மாப்பிள்ளை கண்ணாடி போட்டிருந்தால் படித்தவர் என்று பெருமை! கண் அந்தப் பெண்ணுடையது. கத்தி படுவதும் அவள் கண்ணில். அவளை யார் கேட்டார்கள்?

செய்துகொள்ள விரும்புகிறவர்கள் தாராளமாகச் செய்துகொள்ளட்டும். ஆனால், என் கார்னியாவின் கனம் எவ்வளவு, அதன் வடிவம் ஒழுங்காயிருக்கிறதா, கண்ணீர் போதுமானதா, இருட்டில் பாப்பா எவ்வளவு விரிகிறது என்று கேளுங்கள். கேட்பதற்குக் கோபித்துக்கொள்ளுகிற இடத்தில் கண்ணைக் கொடுக்காதீர்கள். நாற்பது வயதுக்கு மேல் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

செய்துகொண்டு அவதிப்படுகிறவர்கள், சும்மா இராமல் கார்னியா வைத்தியத்தில் தேர்ந்த வேறொருவரிடம் காட்டுங்கள். உலர்ச்சிக்குச் சொட்டு மருந்துகள் உண்டு. துருத்துகிற படலத்தை மேலும் துருத்தாமல் இறுக்கச் சிகிச்சை உண்டு. கண்ணின் வெள்ளைப் பாகத்தின் மேல் உட்காருகிற பெரிய லென்சால் தெளிவு பெறுகிறவர்களும் உண்டு. சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகளின் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரமாய் வையுங்கள். பிற்காலத்தில் கண்புரை வந்து லென்ஸ் வைக்கும்போது அந்த அளவு உதவும். செதுக்கிய கண்ணில் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், அழுத்தம் பார்க்கிற வைத்தியரிடமும் லேசர் செய்துகொண்டதை மறவாமல் சொல்லுங்கள்.